மயிலாத்தாள் விற்காத பசு

மயிலாத்தாளின் தொழுவத்து மாடுகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துச் சோதித்ததில், அதிகமாகக் கறக்கும் செவலைப் பசுவுக்கு மட்டும் வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. "ஆயுசுக்கும் ரத்தத்துலயே இருக்கும்மா. மருந்து கிடையாது. தாய்கிட்ட இருந்து கன்னுக்கும் போகலாம். மத்த மாடுகளோட சேர்க்காதீங்க," என்றார் கால்நடை மருத்துவர். பசுவோ பளபளவென்று நின்று வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அந்த வாரமே ஒரு மாட்டு வியாபாரி வந்து அதற்கு நல்ல விலை சொன்னார். மயிலாத்தாள் நோயைச் சொன்னாள். "பாத்தா ஆருக்குங்க தெரியப்போவுது? வெளியூர்ல தள்ளிவிட்டுடறேன், விடுங்க," என்றார் அவர். "அந்த வெளியூர்லயும் என்னையாட்ட ஒருத்தி மாடு வெச்சிருப்பாளுங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, அவள் பசுவைத் தனிக் கொட்டகைக்கு ஓட்டிப்போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துத் துளசிமணி, படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தச் செவலை ஈன்ற கிடாரிக் கன்றை மயிலாத்தாளிடம் வாங்கி வளர்த்தவள் அவள். இப்போது அதன் பாலில்தான் அவள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அப்ப என்ற மாடு?"

மயிலாத்தாள் தொழுவத்துக்குள் போனாள். நோயில்லை என்று முடிவு வந்த கறவைகளில் நல்லதாக ஒன்றை அவிழ்த்து வந்து, கயிற்றைத் துளசிமணியின் கையில் கொடுத்தாள்.

"இதைக் கறந்துக்க கண்ணு. உன்ற மாட்டோட சேத்துக் கட்டிப்போடாத. அதுக்குச் சீக்கு இல்லீன்னு தெரிஞ்சா திருப்பிக் குடு."

"இருந்துச்சுன்னா?"

"இது உன்றதுதான்," என்றாள் மயிலாத்தாள். பிறகு, துளசிமணியின் மாட்டுக்கு ரத்தம் எடுக்க வரச்சொல்லி மருத்துவருக்குப் போன் போட்டாள்.