தறியைத் தொடாதே

"எங்க அப்பா அம்மா பேரு போட்டாச்சு. உன் பக்கம் யாரு பேரு போடறது?" கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான் ஸ்டீவ்.

"யாரு பேரும் வேணாம்," என்றாள் டயானா.

"உன்ன வளர்த்தவங்க இருக்காங்களே?"

"வளர்த்தாங்க. அவ்ளோதான். அவங்க ஒண்ணும் என் அம்மா இல்ல."

ஸ்டீவ் விடவில்லை. "ஒருதரம் நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு. மத்தியானம் வரைக்கும் பிரஸ்ஸ நிறுத்தி வெக்கறேன்."

அரை மனசோடுதான் செய்யாரில் ஆரணி பஸ் ஏறினாள்.

ஏழு வயதில், பெற்றவள் செத்துப்போன பிறகு, டயானாவைச் சகாயம்மாள் வீட்டில் விட்டது சர்க்கார். தத்து இல்லை. பதினெட்டு வயது வரை வளர்த்துக்கொடுக்க ஒப்படைத்தார்கள். மாதம் ஒருமுறை ஒரு ஆபீசர் மேடம் வந்து, "நல்லா சாப்புடறியா? ஸ்கூலுக்குப் போறியா?" என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவார்.

சோற்றிலும் துணியிலும் சகாயம்மாள் குறை வைத்ததில்லை. சொந்த மகள் நான்சிக்கு ஒன்று வாங்கினால் இவளுக்கும் ஒன்று உண்டு. தறி விஷயத்தில்தான் பேதம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்சி அம்மாவை ஒட்டித் தறியில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே பட்டு நெய்வார்கள். டயானா கிட்டே போனால் போதும்.

"எந்திரிடி! தறியத் தொடாத! வெளிய போய்ப் படி!"

ஒருநாள் ஆசைப்பட்டு நூல் சுற்ற உட்கார்ந்ததற்குக் கையில் அடியே விழுந்தது. காரணம் கேட்டால் பதில் வராது. வாசற்படியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, உள்ளே கேட்கிற சிரிப்பில் தனக்குப் பங்கில்லை என்று அவளே புரிந்துகொண்டாள்.

இன்றைக்கு அவள் கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர். ஆனாலும் யார் வீட்டிலும் கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டாள். வாடகைக்கு இருக்கும் வீட்டில் இதுவரை ஒரு ஆணிகூட அடித்ததில்லை. எந்த நிமிஷமும் யாராவது வந்து "எந்திரிடி" என்று சொல்லிவிடுவார்கள் போலவே இருக்கும்.

கதவைத் திறந்தாள் நான்சி. "வாடி. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

"இன்னாத்த சொல்றது? ஆளு அடையாளமே தெரியல. என்னையே சில நாளு 'யாருமா நீ'ன்னு கேக்குது. ஒரே பேஜார்."

கட்டிலில் சுருண்டு கிடந்தாள் சகாயம்மாள். டயானா குனிந்து, "ஆன்ட்டி, நான் டயானா," என்றாள். சகாயம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு, டீ போட்டு எடுத்தாறேன்," என்று நான்சி அடுப்படிக்குப் போனாள்.

கட்டிலுக்கு எதிரே அதே தறி. அரக்கு நிறச் சேலை பாதியில் நின்றிருந்தது. டயானாவுக்குத் திடீரென்று ஒரு வீம்பு. இனி யார் தடுக்கப் போகிறார்கள்? போய் உட்கார்ந்து, காலைத் தறிக்குக் கீழே இருந்த குழிக்குள் விட்டு, பட்டின் மேல் கையை வைத்தாள். இவ்வளவு வழவழப்பாகவா இருக்கும்?

"ஏய்! எந்திரிடி!"

சகாயம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் வாசலுக்கும் தறிக்குமாக உருண்டது. "தறியத் தொடாத! எந்திரி! ஜல்தி எந்திரி!"

டயானா எழுந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பெற்ற மகளின் முகம்கூட மறந்துவிட்டது, இவளைத் துரத்துவது மட்டும் மறக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

சத்தம் கேட்டு நான்சி ஓடி வந்தாள். "போவாதடி. அது புத்தி தெரியாம கத்துது."

"புத்தி தெரிஞ்ச காலத்துலயும் இதேதான் கத்தினாங்க."

செல்போன் அடித்தது. ஸ்டீவ்தான். "பிரஸ்ல கேக்கறாங்க டயானா. பேரு போடணுமா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் சகாயம்மாள் நான்சியின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கெஞ்சினாள்.

"கதவ சாத்துமா. அந்த ஆபீசர் மேடம் வர்ற நேரம். டயானா தறியில உக்காந்துகினு கீறத பாத்தாங்கன்னா, புள்ளைகிட்ட வேல வாங்கறோம்னு எழுதி, வேற வூட்டுக்கு இட்டுகினு பூடுவாங்க. எம்பொண்ண உட்டுட்டு நான் எப்படிமா இருப்பேன்?"