சிவப்பு மூடி, நீல மூடி

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் முதல் தொட்டி பெரியவள் பொறுப்பு. இரண்டாவது, அவளுடைய ஓரகத்தி சின்னவள் பொறுப்பு.

மைக்ராஸ்கோப்பில் மணி வடிவ ஒற்றைச்செல் உயிர்கள் தெரிந்தால் தண்ணீர் நன்றாகச் சுத்தமாகிறது என்று அர்த்தம். சின்னவள் தொட்டியில் அவை கொத்துக் கொத்தாக ஆடின. பெரியவள் தொட்டியில் ஒன்றுகூட இல்லை.

"உங்க தம்பி பொண்டாட்டி நேத்து வேலைக்கு வந்தவ. அவ தண்ணியில மட்டும் மணி கட்டித் தொங்குதாக்கும்," என்று கணவனிடம் பொருமினாள் பெரியவள்.

இன்று சோதனை. ஜெயிப்பவளுக்கு மேற்பார்வையாளர் பதவி. ஆய்வகத்தில் யாருமில்லை. மேசைமேல் இரண்டு பாட்டில்கள்: சிவப்பு மூடி என்றால் முதல் தொட்டித் தண்ணீர், நீல மூடி என்றால் இரண்டாவது.

பெரியவள் மூடிகளை மாற்றிப் போட்டாள்.

அதிகாரி வந்து லென்ஸில் கண் வைத்தார். "சிவப்புல ஒண்ணுமே இல்லையேம்மா. நீலத்துல மணி மணியா இருக்கு. பதவி சின்னவங்களுக்குத்தான்."

பெரியவள் இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எப்படின்னே புரியலக்கா. இந்தத் தடவையாவது உங்களுக்குப் பேர் கிடைக்கட்டும்னு காலையிலேயே நான் மூடியை மாத்தி வெச்சேனே."