அடுத்து?

இந்தக் கதையின் கடைசியில் நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அதற்கு முன்னால் ஓரெஸ்ட் மாமாவைக் குளிரில் ஒரு கராஜுக்குள் நிறுத்தி நடுங்கவிட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வின்னிபெக்கில் ஜனவரி வந்தால் மனிதர்களுக்கு முன்னால் கராஜ் கதவுகள்தான் படுத்துக்கொள்ளும். கதவைத் தூக்குகிற ஸ்பிரிங் பட்டென்று உடையும். அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் கதவு ரிப்பேர் கடையில் இதையெல்லாம் சரிசெய்வதில் கெட்டிக்காரர் ஓரெஸ்ட் மாமாதான்.

ஆனால் சர்டிபிகேட் கிடையாது. அது இல்லாதவர் அடுத்த மாதத்திலிருந்து ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவையும் பெயிலானால் மாமாவுக்குக் கோடவுனில் பெட்டி அடுக்கும் வேலைதான்.

கை அல்ல, வாய்தான் அவருக்குப் பகை. பரீட்சையில் ஒவ்வொரு வேலையையும் செய்வதற்கு முன் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஸ்பிரிங்கை முறுக்கினால் பக்கத்தில் நிற்பவன் விரல் போய்விடும். பரீட்சை நடத்தும் பெனருக்கோ சிரிப்பே தெரியாத முகம். மாமா கொஞ்சம் தயங்கினால் போதும், ஐஸ் கட்டி மாதிரி, "அடுத்து?" என்பார். மாமாவின் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

வாயைத் திறக்காதவருக்குச் சர்டிபிகேட் கிடையாது என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போன மனுஷன் அவர்.

அந்த "அடுத்து?"வை நான் கடையில் பேசிக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமா மட்டும் கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே போடுவார்.

மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்கு லீவு. அவரைப் போனில் கூப்பிட்டு, ஒரு கிழவியின் குரலை எடுத்துக்கொண்டேன்.

"ஏம்பா, கராஜ் கதவு ஒரேயடியா படுத்துடுச்சு. தனியா கெடக்கேன். வந்து பாத்தீன்னா பெரோகிக் கொழுக்கட்டை வறுத்துத் தர்றேன்."

என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறதா? வைக்கலாம், வரிசையில் வாருங்கள்.

மாமா வந்தார். பக்கத்து வாசல் வழியாகக் கராஜுக்குள் போனார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான். கதவைத் திறந்தால் குளிர் வந்து முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொள்ளும், அங்கிருந்தே பேசு என்று கிழவி சொல்லிவிட்டாள்.

"சத்தம் மட்டுந்தான் வருது. வந்தவன் ரிப்பேர்காரனா திருடனான்னு எனக்கெப்படித் தெரியும்? என்ன பண்ணப்போறேன்னு சொல்லிட்டே பண்ணு."

"சரிம்மா. மோட்டார் பிளக்கைப் பிடுங்கப்போறேன். அப்புறம் அடி ரப்பர் ஒட்டியிருக்கான்னு பாப்பேன். ஒட்டியிருந்தா இழுக்கக் கூடாது, கிழிஞ்சிடும்."

"வெந்நீர் தரட்டா?"

"வேணாம்மா. ஊத்தின தண்ணியே உறைஞ்சு இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும். ஹேர் டிரையர் வெச்சிருக்கேன்."

கிழவி குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்க மாமா சலிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். கதவு நகராமல் கிளாம்ப் போடுவதைச் சொன்னார், போட்டார். உடைந்த ஸ்பிரிங்கைக் கழற்றுவதைச் சொன்னார், கழற்றினார். புதியதை மாட்டி, முறுக்குகிற இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். அங்கே கொஞ்சம் நிதானித்தார்.

சமையலறையில் பெரோகி வாசனை.

"அடுத்து?"

கதவுக்குப் பின்னாலிருந்து அதே ஐஸ் கட்டிக் குரல். கராஜில் கம்பி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மாமாவின் சிரிப்பு.

"லெஸ்யா... நீதானா கிழவி? லீவு நாள்ல வரவழைச்சிட்டியே, குட்டிப் பிசாசே. ஆனா பெனர் குரல் அச்சு அசல்டி."

"அடுத்து?"

"சொல்றேன், பெனர் ஐயா." மாமா குரலை நீட்டி முழக்கினார். "ரெண்டு கம்பி. ஒண்ணு ஓட்டையில உக்காந்த பிறகுதான் இன்னொண்ணை எடுக்கணும். மூஞ்சி நேரா இருக்கக் கூடாது, ஒதுங்கி நிக்கணும். இதை ஸ்க்ரூடிரைவரால முறுக்குறவன் அப்புறம் பல்லைத் தேடிட்டிருப்பான்."

முறுக்குகிற சத்தம் சீராகக் கேட்டது.

"கிரீஸ்?"

"குளிருக்கு இறுகாத கிரீஸ். சாதாவைப் போட்டா உங்க மூஞ்சி மாதிரி உறைஞ்சிடும் ஐயா."

கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு இருமல்.

"நல்ல மனுஷன்தான்டி அந்தப் பெனர்," என்றார் மாமா. "சிரிச்சா கன்னத்துல விரிசல் விட்டுடும்னு பயப்படுறார், அவ்வளவுதான்."

கடைசியாக, கதவைப் பாதிவரை தூக்கிக் கையை எடுக்கப்போவதாகச் சொன்னார். எடுத்தார்.

"அப்படியே நிக்குது பாரு. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. முடிஞ்சுது வேலை. வாடி வெளியே, எங்கே என் பெரோகி?"

சமையலறைக் கதவு திறந்தது.

முதலில் தெரிந்தது நான். இரண்டு கன்னமும் புடைக்க, வாய் நிறைய உருளைக்கிழங்குப் பெரோகி. "ம்" என்றுகூடச் சொல்ல முடியாத நிலை. எனக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் வாணலியோடு, அந்த வீட்டுக்கும் அந்தக் கிழவி யோசனைக்கும் சொந்தக்காரர்.

"பாஸ்," என்றார் பெனர். "கன்னத்துல விரிசல் ஏதும் விட்டிருக்கா, பாத்துச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் என் வாயைப் பார்த்தார்.

"அப்போ... அந்த 'அடுத்து?'..."