பம்ப்பிருக்க பயமேன்

"இன்சுலினை ஊசியா போட்டதுக்கும், இப்ப பம்ப் வந்ததுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்று செல்போனை நீட்டினார், பம்ப்பைத் தானமாகக் கொடுத்த அறக்கட்டளைத் தலைவர். வருஷம் ஒருமுறை ரெட்டிபாளையம் வந்து வீடியோ எடுக்காவிட்டால் அவருக்குத் தர்மம் செய்த மாதிரியே இருக்காது.

கொளஞ்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஊசின்னா தெனம் நாலு வாட்டி குத்தணுங்க. புள்ளைக்கு வயிறெல்லாம் கன்னிப்போயிரும். பம்ப்னா அதுவா மருந்தை இறக்கிக்கிட்டே இருக்கும். எம்பொண்ணு இப்பதாங்க மத்த புள்ளைங்க மாதிரி ஓடியாடித் திரியுறா."

மகள் ஆர்த்தியின் இடுப்பில் பம்ப் மினுங்கியது.

"அப்ப இனிப்பும் சாப்பிடலாம்!" தலைவர் லட்டை எடுத்தார்.

கொளஞ்சி குறுக்கே கையை நீட்டினாள். "பாதி போதுங்க சார்..."

"பம்ப்பிருக்க பயமேன்?" முழு லட்டையும் ஊட்டினார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள்.

கார் அரியலூர் ரோட்டில் ஏறியதும் கொளஞ்சி கதவைச் சாத்தினாள். பம்ப்பைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். மூன்று நாளைக்கொரு முறை மாற்ற வேண்டிய ட்யூபை வாங்க வக்கில்லாமல் அது நின்றுபோய் ஒரு வருஷமாகிறது.

ஆர்த்தி சட்டையைத் தூக்கி, வயிற்றில் கன்றிப்போகாத இடம் தேடினாள். "அடுத்த தடவையாச்சும் உண்மையச் சொல்லிரும்மா."

"சொன்னா பம்ப்பை வேற புள்ளைக்குக் கொண்டுபோயிருவாங்கடி. அதுக்குன்னு மாசாமாசம் குடுக்குற மருந்தும் நின்னுரும்."

கொளஞ்சி ஊசியில் மருந்தை ஏற்றினாள். லட்டுக்கும் சேர்த்து ஏற்றினாள்.