நாலாவது தோள்

வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் வண்டி ஏறாத கல்பாதை. கற்கூரைகளில் தங்கிய மழை ஈரம் வெயிலில் புகைகிறது. தார்சிசியோவின் சவப்பெட்டியை மேலே தேவாலயத்துக்குத் தூக்கிப்போக ஊரில் மூன்று ஆண்கள்தான் நிற்கிறார்கள். நாலாவதாக வரவேண்டிய தம்பி ஃபுல்வியோ, அண்ணனோடு தீராத சண்டையைக் கிளப்பிய அந்த எல்லைச் சுவர்மேலேயே உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறான். "உன் அண்ணன்டா. வந்து தோள் குடுப்பா," என்று கெஞ்சுகிறாள் விதவை எர்சிலியா. "உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்தை பேசினானா? போங்க அண்ணி."

மலை நடைக்கு வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி முதுகுப்பையைக் கழற்றி அவன் பக்கத்தில் வைக்கிறாள். "கொஞ்சம் பார்த்துக்குங்க." பெட்டியின் காலியான முனைக்குத் தோள் கொடுக்கிறாள். அண்ணன் அவனைக் கடந்து மேலேறிப் போகிறான். ஃபுல்வியோ எழவில்லை. சரியப் பார்த்த பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான்.