பெட்டைன்னா பெட்டைதான்

“அத்தை, இது பெட்டை.”

“கண்ணைத் திறந்து பாரு. சேவல்.”

“எனக்குப் பெட்டையாத்தான் தெரியுது.”

கொல்லைப்பக்கம் மாமியாரும் மருமகளும் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில், என்ன வழக்கு என்றே தெரியாமல், ஒரு வான்கோழி கழுத்தை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். ஒருத்தி அவன் அம்மா, இன்னொருத்தி அவன் மனைவி. யாரை அதட்டுவது?

அம்மா வான்கோழி வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவள். அவளும் அப்பாவுமாக ஒரு காலத்தில் கொல்லை நிறைய வளர்த்தார்கள். அப்பா போன பிறகு கூண்டு காலியாகிவிட்டது. அம்மாவும் அறையை விட்டு வருவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் “ம்”. டாக்டரிடம் போகலாமா என்றால் “ம்ஹும்”. அவ்வளவுதான் பேச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி ஆறு வான்கோழிக் குஞ்சுகளோடு வந்து நின்றாள். பழைய நாட்டு ரகம். மெதுவாகத்தான் வளரும். எது சேவல், எது பெட்டை என்று தெளிவாகத் தெரியவே மாதக்கணக்காகும்.

வந்த அன்றே ஒரு குஞ்சு வாலை விசிறி மாதிரி விரித்தது.

“ஏங்க, இது சேவல். எப்படி விரிக்குது பாருங்க” என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

“வாலை விரிச்சா சேவலா? சின்னதுல பெட்டையும்தான் விரிக்கும்.” அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல்.

அன்றைக்குப் பிடித்தது வாதம். மூக்கின் மேல் தொங்கும் சதை பெட்டைக்குச் சின்னதாகவே நின்றுவிடும், சேவலுக்கு நீண்டுகொண்டே போகும் என்று அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னாள். மருமகள் ஏற்கவில்லை. மார்பு இறகின் ஓரம் வெளுத்திருந்தால் பெட்டை, கறுத்திருந்தால் சேவல் என்று அம்மா கொல்லை வாசற்படி வரை வந்து சொன்னாள். மருமகள் அதையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அம்மா கொல்லைக்கே இறங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் ஆறில் ஒன்றைக்கூட மருமகள் சரியாகச் சொல்லவில்லை.

மாதங்கள் ஓடியும் அதே கதைதான். இதோ இப்போது, கழுத்து செக்கச்செவேலென்று சிவந்து, மார்பில் தாடி மாதிரி முடிக்கற்றை தொங்க, தெருக்கோடி வரை கேட்கக் குரல் கொடுக்கும் ஒன்றைப் பார்த்துப் பெட்டை என்கிறாள்.

“தாடி வச்ச பெட்டையை எங்கடி பார்த்த?”

“சில பெட்டைக்கும் முளைக்குமாம் அத்தை.”

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, “உன் பொண்டாட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான் தம்பி” என்றாள். அவனுக்கு மானம் போயிற்று.

மனைவியைத் தனியாக அழைத்துக் கண்டித்தான். “அம்மா ஏற்கெனவே நொந்துபோய் இருக்காங்க. தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சிடுவ?”

“பெட்டையைப் பெட்டைன்னு சொன்னா குத்தமா?” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தீவனம் தீர்ந்திருந்தது. லாரியைக் கிளப்பிக்கொண்டு, குஞ்சு வாங்கிய பண்ணைக்குப் போனான்.

“அண்ணே, உங்க கோழியால என் குடும்பம் ரெண்டாயிடும் போல. என் வீட்டுக்காரிக்குச் சேவலுக்கும் பெட்டைக்கும் வித்தியாசமே தெரியல.”

பண்ணைக்காரர் சாக்குக் கட்டுவதை நிறுத்தினார். “யாருக்கு, உங்க வீட்டம்மாவுக்கா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இங்க வந்து, பெருசு சிறுசு எல்லாத்தையும் தூக்கிப் பார்த்துக் கத்துக்கிட்டுப் போனவங்க தம்பி. எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்கன்னு நானே கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“வீட்ல எங்க அத்தை பேச்சையே நிறுத்திட்டாங்க. நான் தப்பா சொன்னா அவங்களுக்குப் பொறுக்காது. தப்பாவே சொல்லணும்னா சரியானது தெரிஞ்சிருக்கணுமேன்னு சொன்னாங்க.”

அவன் மூட்டையைத் தூக்கி லாரியில் போட்டுவிட்டு, நேரே வீட்டைப் பார்க்கத் திருப்பினான். காலையில் மனைவியைத் திட்டியது வழியெல்லாம் உறுத்தியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மனைவி உள்ளே இருந்தாள். அவள் ரகசியத்தை அவனும் காப்பாற்றத் தீர்மானித்தான்.

“அம்மா, அவ விவரம் தெரியாம பேசுறா. மனசுல வச்சுக்காத.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“விவரம் தெரியாமயா? தெரியாதவ பத்துக்கு அஞ்சாவது தப்பித்தவறிச் சரியாச் சொல்லிடுவாடா. இவ ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே.”

“அப்போ… உனக்குத் தெரியுமா?”

“மெல்லப் பேசு, அவ காதுல விழப்போகுது.” அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “எனக்கு இன்னும் காலைல எந்திரிக்கவே மனசு வரல. ஆனா நான் வரலேன்னா, அந்தப் பொண்ணு கோழியைத் தூக்கி வச்சுக்கிட்டு என் ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கும். அது முகம் வாடக் கூடாதுன்னுதான்டா தினமும் எந்திரிச்சு வந்து சண்டை போடுறேன்.”