எந்த ஆற்றில்?

"ஆண்டவர் எந்த ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்?" வெள்ளைக்காரப் பாதிரியார் மறுபடியும் கேட்டார். தெபோராள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஆம்பூர்ச் சபையில் கல்யாணத்தை அறிவிக்கும் முன் பெண்ணுக்கு வேதப் பரீட்சை உண்டு. தேறாவிட்டால் அரக்கோணத்து ரயில்வே கார்டு மாப்பிள்ளை கைநழுவிப் போவான். ஊருக்கெல்லாம் வேதம் சொல்லிக்கொடுக்கும் அவள் அப்பா சாமுவேல் உபதேசியாருக்கு வேர்த்துக் கொட்டியது.

மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவள்ளி, சபை முழுக்கக் கேட்கும்படி கிசுகிசுத்தாள். "உபதேசியார் ஊட்டுப் பொண்ணுக்கே தெரில. நாயித்துக்கெழம கோயிலுக்கு இன்னாத்துக்கு வந்துச்சாம், தூங்கவா?"

விடை யோர்தான் என்று தெபோராளுக்குத் தெரியும். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பு போடும் ஒரு பயலும் அதே பெயரை வைத்துக்கொண்டிருந்ததுதான் வினை.

அவன் பிறந்தபோது, அந்நாளைய பாதிரியார் புண்ணிய தேசத்துக் குப்பியிலிருந்து யோர்தான் தண்ணீரைத் தெளித்து அந்தப் பெயரையே வைத்தாராம். பாதி கப்பலில் ஆவியாகி, மீதி காட்பாடியில் சிந்தி, ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது சுத்தமான பாலாற்றுத் தண்ணீர் என்பது சாமுவேலின் கட்சி.

வளர்ந்து பெண் கேட்டு வந்த அந்தப் பயலை அவர் வாசலிலேயே நிறுத்தினார். "எபிரேயத்துல ஒன் பேருக்கு இன்னா அர்த்தம் தெரியுமாடா? எறங்குறது. என் படிய உட்டு எறங்கு." மகளை ஆற்காட்டிலிருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அதுவரை நாளெல்லாம் அவன் பெயரை ஏலம் போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பி வந்த பிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தங்கை நன்றாகத்தான் புத்தி சொல்லியிருக்கிறாள் என்று சாமுவேலும் நிம்மதியாக இருந்தார்.

இப்போது பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்தார். "ஆத்துப் பேரத்தான கேக்குறாரு, அந்தத் தறுதல பேரையா கேட்டாரு? சொல்லித் தொல. யோர்..."

தெபோராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அமிர்தவள்ளி மூட்டையைக் கட்டத் தயாராக எழுந்து நின்றாள்.

பாதிரியார் வேதாகமத்தை மூடினார். "உனக்குத் தெரியாதா, அம்மா?"

"தெரியும் ஐயா. கட்ன புருஷன் பேர எப்பிடிச் சொல்றது?"